முப்பதடி பின்னால்

சீட்டுக் குலுக்கிப் போட்டதில் மனைவிக்கு நடை விழுந்தது, இன்ஸ்பெக்டருக்கு நாற்காலி விழுந்தது.

இன்ஸ்பெக்டர் என்றதும் லத்தியும் தொப்பியுமாக யாரையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர் தராசு இன்ஸ்பெக்டர். கடை கடையாகப் போய், தட்டைத் தட்டிப் பார்த்து, எடைக்கல்லைத் தூக்கிப் பார்த்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். ஐந்து கிராம் குறைந்தால் கடைக்காரனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். முப்பத்தோரு வருஷ சர்வீசில் ஒரு ஆப்பிளைக்கூடச் சும்மா வாங்கித் தின்றதில்லை, சத்தியமாக. மீன் கடைக்காரர்கள் அவருக்கு எடைக்கல் என்று பெயர் வைத்திருந்தார்கள். நேர்மைக்கு வைத்த பெயரா, உடம்புக்கு வைத்த பெயரா என்று கேட்டால் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிப்பார்கள். ஜீப்பில் வருவார், இறங்குவார், நாற்காலி போடுவார்கள், உட்கார்ந்தபடியே சோதிப்பார், மறுபடி ஜீப். ஐம்பத்தெட்டு வயதில் அவர் நடந்த தூரமெல்லாம் ஜீப்புக்கும் நாற்காலிக்கும் நடுவில் இருந்த தூரம்தான்.

மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவள். நாள் முழுக்க ஸ்டூலில் குனிந்தபடி வேலை. அவளுக்கு ஐம்பத்து நான்கு. அவளுடைய அக்கா போன வருஷம், ஐம்பத்தைந்தாம் வயதில், மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. ரத்தக்குழாய் எல்லாம் விறைத்துப்போயிருந்தது என்று டாக்டர்கள் சொன்னார்கள். அன்றிலிருந்து இன்ஸ்பெக்டர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். இன்னும் ஒரு வருஷம். இதை யாரிடமும் சொல்லவில்லை. மனைவி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணயர்ந்தால் மட்டும், பேப்பர் படிக்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த நேரத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சிக்கு ஆள் கூப்பிட்டார்கள். ஐம்பது வயது தாண்டியவர்களில் பாதிப் பேர் ஆறு மாதம் தினமும் நடக்க வேண்டும், பாதிப் பேர் எப்பவும் போல இருக்க வேண்டும். முதலிலும் முடிவிலும் ரத்தக்குழாயை அளப்பார்கள். மனைவி இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள்.

அளக்கிற அறை பச்சைத் திரைகளால் தடுக்கப்பட்டிருந்தது. அளக்கும் பெண் கழுத்தில் ஒரு சின்னக் கருவியை வைத்தாள், தொடை மடிப்பில் இன்னொன்றை வைத்தாள், நடுவில் டேப் பிடித்தாள். இதயம் ஒரு தடவை துடித்தால் ஒரு அலை கிளம்பி ரத்தக்குழாய் வழியாக ஓடுமாம். கழுத்தைத் தொட்டதற்கும் தொடையைத் தொட்டதற்கும் எவ்வளவு நேரம் என்று பார்த்தால் அலையின் வேகம் தெரியுமாம். குழாய் இளகலாக இருந்தால் அலை சாவகாசமாகப் போகும், விறைத்திருந்தால் விர்ரென்று ஓடும். மெதுவாகப் போனால்தான் நல்லது என்றாள் அந்தப் பெண். மெதுவுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்து இன்ஸ்பெக்டர் கேட்டதே இல்லை. அவள் ஒரு தடவை அளந்து விட்டுவிடாமல் மூன்று தடவை அளந்ததும் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. நம்ம ஜாதி என்று நினைத்துக்கொண்டார்.

அந்த வேகம் வினாடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் போகக்கூடாது. அவருக்குப் பத்து புள்ளி இரண்டு. திரைக்கு அந்தப் பக்கம் மனைவிக்குப் பத்து புள்ளி எட்டு. பெரிய டாக்டர் அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இந்த வயசுக்கு இது ஜாஸ்திதான், ஒழுங்காக நடந்தால் இறங்கும் என்றார். பிறகு சீட்டு. மனைவிக்கு நடை விழுந்ததில் இன்ஸ்பெக்டருக்கு அப்பாடா என்று இருந்தது. தன் சீட்டைப் பார்த்ததும்தான், நானும் கூடவே நடக்கிறேனே என்று கெஞ்சினார்.

"மாத்த முடியாது சார். நீங்க எப்பவும் போல இருக்கணும். அதுவும் ஒரு வேலைதான்" என்றார் டாக்டர் அம்மா.

தராசில் ஒரு தட்டு அசையாமல் நின்றால்தான் இன்னொரு தட்டின் எடை தெரியும். ஊரில் வேறு யாருக்கு இது புரியாவிட்டாலும் அவருக்குப் புரிந்தது. சரி என்று கையெழுத்துப் போட்டார். இரண்டு பேருக்கும் இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன டப்பா கொடுத்தார்கள். எத்தனை அடி நடந்தோம் என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும்.

ஊருக்கு நடுவில் ஒரு சின்ன ஏரி. சுற்றி வந்தால் எண்ணூறு மீட்டர். முதல் நாள் விடியற்காலை ஐந்தரைக்கு மனைவி புது ஷூவைப் போட்டுக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுக் கிளம்பினாள். போன் கனமாக இருக்கிறது என்று வைத்துவிட்டுப் போனாள். இன்ஸ்பெக்டர் விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். ஏரிக்கரையில், பனி மூட்டத்தில், மனித நடமாட்டமே இல்லாத இடத்தில் அவள் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டால்? அக்காவாவது வீட்டுக் கட்டிலில் போனாள். இவளை யார் பார்ப்பார்கள்? ஆறரைக்குக் கதவு திறக்கும் சத்தம் கேட்கிற வரைக்கும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் தெருமுனை திரும்பியதும் எழுந்தார், சட்டையை மாட்டினார், செருப்பைக் காலில் நுழைத்தார். இடுப்பு டப்பாவை என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் நின்றார். பிறகு அதைக் கழற்றி, பச்சைக் குழந்தையைக் கிடத்துவது மாதிரி தலையணைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

மனுஷன் வாழ்நாளில் செய்த முதல் கள்ளத் தராசு அதுதான்.

ஏரியில் பனி இறங்கியிருந்தது. விளக்குக் கம்பங்கள் இடுப்புவரைக்கும் இல்லை, தலை மட்டும் மஞ்சளாக மிதந்தது. எதிர்க்கரையில் நடந்தால் தண்ணீருக்கு மேலாகப் பார்த்துவிடுவாள் என்று கணக்குப் போட்டு நேர் பின்னால் போனார், முப்பதடி தள்ளி. அவள் திரும்பிப் பார்க்கிற ரகம் இல்லை. சாவியை மறந்துவிட்டுக் கிளம்பினால்கூடத் திரும்பமாட்டாள், நேராகக் கடைக்குப் போய்விட்டுத்தான் போன் பண்ணுவாள். அந்த வெள்ளை ஷூ இரண்டும் பனிக்குள் மாறி மாறித் தெரிந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே போனார். முதல் சுற்று முடிவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. இரண்டாவது சுற்றில் நெஞ்சு மத்தளம் கொட்டியது. நாலாவது நாள் ஒரு வளைவில் அப்படியே மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவள் பனிக்குள் மறைந்துவிட்டாள். பதறிப்போய் வேகமாக வந்து பார்த்தால் கொஞ்ச தூரத்தில் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். கடவுளே என்று இருந்தது அவருக்கு.

அதற்குப் பிறகு, என்ன ஆச்சரியமோ, அவரால் கூடவே போக முடிந்தது. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். மூச்சு வாங்கியது, ஆனால் நிற்கவில்லை. உடம்பு தன் பாட்டுக்குப் போக ஆரம்பித்தது. அரைத் தூக்கத்தில் எழுந்து வந்த கால்கள், அரைத் தூக்கத்திலேயே நடந்தன. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. எங்கோ ஒரு மீன் துள்ளும், அதன் வளையம் விரிந்து விரிந்து வந்து கரையைத் தொடும். தன் உடம்புக்குள்ளும் இப்படித்தான் ஒன்று கழுத்திலிருந்து கால்வரைக்கும் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். அது சாவகாசமாகப் போகட்டும் என்று அதனிடமே சொல்வார்.

ஒரு விஷயம் அவரை ரொம்ப நாள் ஆட்டி வைத்தது. டப்பா தலையணைமேல் இருக்கிறது. டப்பா சொல்வதுதான் ஆஸ்பத்திரிக்குக் கணக்கு. அப்படியென்றால் இந்த நேரத்தில் இன்ஸ்பெக்டர் வீட்டில் படுத்துத் தூங்குகிறார். இங்கே நடப்பது யார்? தூங்குகிறவர் காணும் கனவில் வருகிறவரா? சில நாள் காலையில் அது நிஜமாகவே தோன்றிவிடும். முன்னால் போகும் பெண் யாரோ, தான் யாரோ. எந்த ஊர், எந்த வருஷம் என்று யாராவது கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. அவள் பின்னால் போக வேண்டும் என்பது மட்டும் தெரியும். சும்மா சொல்லக்கூடாது, அந்த மனுஷன் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

அதோடு, அவள் பாடினாள். பத்துப் பதினைந்து நாளில் ஆரம்பித்தது. முதலில் வெறும் முணுமுணுப்பு. பிறகு முழு வரியே பனியைத் தாண்டி வந்தது. கல்யாணமான புதிதில் பாத்திரம் தேய்க்கும்போது பாடியவள், அப்புறம் எப்போது நிறுத்தினாள் என்று அவருக்கே நினைவில்லை. இப்போது ஏரிக்கரை முழுக்க அவள் குரல். நடை அவளுக்கு ஒத்துக்கொண்டுவிட்டது, குழாயெல்லாம் இளகிவிட்டது, அதுதான் பாட்டாக வருகிறது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். பாட்டுக் கேட்கக் கேட்க அவர் மனதில் போட்டு வைத்திருந்த கணக்கு கொஞ்சம் கொஞ்சமாக அழிந்தது.

அவள் கடைசிச் சுற்றை முடித்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து கைகாலை நீட்டுவாள். அந்த ஐந்து நிமிஷத்தில் இவர் பின்சந்து வழியாக அரக்கப் பரக்க ஓடி, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். அவள் காபியோடு வந்து, இன்னுமா தூக்கம் என்று கேட்பாள். இவர் கொட்டாவி விடுவார். கொட்டாவியா அது, நாடகக் கம்பெனியில்கூட அப்படி விடமாட்டார்கள். ஒரு தடவை அவர் நெற்றியைப் பார்த்துவிட்டு, இவ்வளவு வேர்க்குதே, ஃபேன் ஓடலையா என்று மட்டும் கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். பிழைத்தோம் என்று பெருமூச்சு விட்டார்.

பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிற்று. மீன் கடையில் நாற்காலி போட்டால், வேண்டாம் என்று நின்றுகொண்டே சோதித்தார். எடைக்கல் குறைகிறதே, யார் வழக்குப் போடுவது என்று மீன்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஆனால் அவருக்குள் ஒன்று அரித்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு நாள் காய்கறிக் கடையில் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தார். கடைக்காரன் காலில் விழாத குறையாக, வீட்டுல கஷ்டம் சார், ஏதோ பயத்துல பண்ணிட்டேன் என்றான். பயத்தில் என்ற வார்த்தை அவரை எங்கேயோ குத்தியது. வழக்கு எழுதத்தான் எழுதினார். அவன் முகத்தைப் பார்த்து எழுத முடியவில்லை.

ஆறு மாதம் முடிந்தது. மறுபடியும் பச்சைத் திரை, மறுபடியும் டேப்.

அளக்கும் பெண் அவரை மூன்று தடவை அளந்தாள். பிறகு கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு நாலாவது தடவையும் அளந்தாள். ஒன்பது புள்ளி மூன்று. எப்பவும் போல இருந்தவர்களில் ஒருத்தருக்குக்கூட இப்படி இறங்கவில்லை என்று வாயைப் பிளந்தாள். என்ன சார் பண்ணீங்க என்று கேட்டதற்கு அவர் திருதிருவென்று விழித்தார். எனக்கே ஒன்பது என்றால் அவளுக்கு எட்டுதான் இருக்கும் என்று மனம் குதித்தது. அந்தப் பெண் திரையை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். இவர் மல்லாந்து படுத்தபடி காதைத் தீட்டிக்கொண்டார்.

டேப்பை இழுக்கும் சத்தம் மட்டும் மூன்று தடவை.

பத்து புள்ளி ஏழு.

அந்தப் பெண் ஏதேதோ கேட்டாள். எல்லா நாளும் நடந்தீர்களா? நடந்தேன். நாற்பது நிமிஷமும்? ஆமாம். டப்பாவில் அடிக் கணக்கும் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"வேகமா நடந்தீங்களாம்மா? மொத நாளே சொன்னேனே, நடக்கும்போது பேச முடியணும், ஆனா பாட முடியக்கூடாதுன்னு. பாட முடிஞ்சா அது உங்களுக்குப் பத்தாதுன்னு சொன்னேன்ல?"

திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது.

"பாட முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது" என்றாள் மனைவி.

இன்ஸ்பெக்டர் இதைக் கேட்பது இப்போதுதான். அந்த விதி நடக்கிறவர்களுக்கான விதி. நாற்காலிக்காரருக்கு யார் சொல்வார்கள்? ஐந்தரை மாதம் பனிக்குள் காது குளிரக் கேட்டாரே, அத்தனை பாட்டும் இதுதானா? சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் எழுந்து திரையை விலக்கினார். மனைவி படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணோரம் ஈரமாக இருந்தது. சத்தம் கேட்டு டாக்டர் அம்மாவும் வந்துவிட்டார்.

"என் கணக்க அடிச்சிருங்கம்மா. நான் தினமும் நடந்தேன். டப்பாவ வீட்ல வெச்சிட்டு இவ பின்னாடியே நடந்தேன். எல்லாம் பொய்க் கணக்கு" என்றார்.

டாக்டர் அம்மா வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள். "எனக்குத் தெரியும்."

எப்போதிலிருந்து என்றும் அவளே சொன்னாள். மூன்றாவது நாளே, அவர் வந்த முதல் நாளே தெரியுமாம். முப்பத்திரண்டு வருஷமாகப் பக்கத்தில் படுத்துக் கேட்கிற மூச்சு, தெரியாமல் போகுமா? மறுநாள் அவள் வேகமாக நடந்தாள், வளைவில் அந்தச் சத்தம் சட்டென்று நின்றுபோயிற்று.

"எனக்கு உயிரே போயிருச்சுங்க. திரும்பிப் பாத்தா கண்டுபிடிச்சிட்டேன்னு தெரிஞ்சிரும், நாளையிலேர்ந்து நியாயம் பேசிட்டு வீட்ல உக்காந்துருவீங்க. அதான் குனிஞ்சு கயிறு கட்ற மாதிரி நின்னேன். மூச்சு வந்துச்சு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். அந்தச் சத்தம் நிக்காத வேகத்துலதான் நடக்கறதுன்னு."

"உன் ஆறு மாசத்த நான் எடுத்துக்கிட்டேனேடி" என்றார். அந்த அறையில் அந்நிய மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதார். அவள் எழுந்து உட்கார்ந்து அவர் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

டாக்டர் அம்மாவுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? இரண்டு பேர் கணக்கையும் சேர்த்து அடித்தார். அடித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்துவிட்டு, இனிமேல் உங்களுக்கு எந்த விதியும் கிடையாது, ஒரு விதியைத் தவிர என்றார். அந்த அம்மாவுக்கு இப்போது இருக்கிற நடை பத்தாது, வேகமாகப் போக வேண்டும். சாருக்கு இதுதான் சரி. இரண்டு பேரும் சேர்ந்து நடக்கக் கூடாது. இன்னும் நேரம் இருக்கிறது, பயப்படாதீர்கள் என்றும் சொன்னார்.

மறுநாள் காலை இரண்டு பேரும் ஒன்றாகக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். இவர் ஒழுங்காக ஷூ போட்டிருந்தார். ஏரியில் அன்றைக்குப் பனி அதிகம். பாதை தொடங்கும் இடத்தில் அவள் நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், மறுபடியும் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீ போ" என்றார்.

"நீங்க?"

"நான் நடந்துட்டுதான் இருப்பேன். என் சத்தத்தக் கேக்காத. போ."

அவள் போனாள். பத்தடி, இருபதடி, முப்பதடி. அதற்கு மேலும் போனாள். வெள்ளை ஷூ இரண்டும் ஒரு தடவை பளிச்சிட்டன, அப்புறம் இல்லை. இன்ஸ்பெக்டர் தனியாக நடந்தார். முன்னால் பனி, பின்னால் பனி. பாட்டு இல்லை. கால் தன்னால் எட்டிப் போடப் பார்த்தது, அடக்கிக்கொண்டார். அவள் எங்காவது உட்கார்ந்திருப்பாளோ, விழுந்திருப்பாளோ, எதிரில் யாராவது ஓடி வந்து சொல்வார்களோ என்று ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் நினைத்தார். ஓடிப் போய்ப் பார்க்கலாம்தான். ஓடினால் அவள் காதில் விழும், மறுபடி மெதுவாக்கிவிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு தன் வேகத்திலேயே நடந்தார். முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றும் முடிந்தது. அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. தட் தட்டென்று வேகமான காலடி, கூடவே முரட்டுத்தனமாக ஒரு மூச்சு. யாரோ வாலிபப் பிள்ளை ஓடி வருகிறான் என்று ஓரமாக ஒதுங்கினார். முப்பத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு மூச்சை அவர் கேட்டதே இல்லை. அது பக்கத்தில் வந்தது. முகமெல்லாம் சிவந்து, நெற்றியில் முடி ஒட்டி, வாயைத் திறந்தபடி அவள் வந்தாள். ஏதோ சொல்லப் பார்த்தாள், முடியவில்லை. கையை மட்டும் நீட்டி அவர் முதுகில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு, நிற்காமல் அவரைத் தாண்டிப் போனாள்.